'அன்ஃபர்கிவன்' (1992): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதே பெயரில் இன்னொரு பழைய படமும் இருக்கிறதே, இது எது?

1960-இல் ஜான் ஹஸ்டன் இயக்கத்தில் பர்ட் லங்காஸ்டரும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்து 'தி அன்ஃபர்கிவன்' என்று ஒரு படம் வந்தது. அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே பேசப்படுவது 1992 ஆகஸ்டில் வெளியான, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த படம். ஓடும் நேரம் 2 மணி 11 நிமிடம். ஓடிடியில் தேடும்போது வருஷத்தையும் சேர்த்துப் போட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஜப்பான்காரர்கள் எடுத்த மறு ஆக்கமும் நடுவே வந்து நிற்கும்.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

வயோமிங் பகுதியில் பிக் விஸ்கி என்ற கற்பனை ஊர். மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் குவிக் மைக் என்பவன், விடுதியில் டிலைலா என்ற பெண்ணின் முகத்தைக் கத்தியால் கீறிவிடுகிறான். அவள் சிரித்துவிட்டாள் என்பதுதான் காரணம். ஊர் ஷெரிஃப் லிட்டில் பில் டாகெட் (ஜீன் ஹாக்மன்) விசாரணையும் இல்லாமல், சவுக்கடியும் இல்லாமல், விடுதிக்காரனுக்குக் குதிரைகளை நஷ்டஈடாகக் கொடுத்தால் போதும் என்று முடித்துவைக்கிறார். விடுதிப் பெண்கள் தாங்கள் சேர்த்துவைத்த காசையெல்லாம் திரட்டி, அவனையும் கூட இருந்த டேவியையும் கொல்பவருக்கு 1,000 டாலர் என்று அறிவிக்கிறார்கள்.

அந்தச் செய்தி கான்சாஸில் பன்றி வளர்த்துக்கொண்டிருக்கும் வில்லியம் மன்னிக்கு (ஈஸ்ட்வுட்) எட்டுகிறது. ஒரு காலத்தில் ஊரையே நடுங்கவைத்த கொலைகாரன் அவன். மனைவி கிளாடியா அவனைக் குடியிலிருந்து மீட்டெடுத்தாள். 1878-இல் அவள் அம்மை வந்து இறந்துபோனாள். இப்போது பன்றிகளுக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, பெண்ணொன்று பையனொன்று என்று இரண்டு பிள்ளைகள். பழைய கூட்டாளி நெட் லோகனையும் (மார்கன் ஃப்ரீமன்) ஸ்கோஃபீல்ட் கிட் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரு பொடியனையும் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறான்.

எந்த வருஷத்தில் நடக்கிறது? 1880 என்று எழுத்து வருகிறது, ஆனால் ஜனாதிபதியைச் சுட்டதைப் பற்றிப் பேசுகிறார்களே?

முகத்தைக் கீறும் சம்பவம் 1880. குதிரைகளை வசந்த காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது கெடு. அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பரிசுத்தொகைக்காக வரும் இன்னொரு கொலைகாரன் இங்கிலீஷ் பாப் (ரிச்சர்ட் ஹாரிஸ்), ரயிலில் ஜனாதிபதி சுடப்பட்டதைச் சொல்லி அமெரிக்கர்களைச் சீண்டுகிறார். ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டது 1881 ஜூலை 2. ஆக, கதையின் பெரும்பகுதி 1881 கோடையில் நடக்கிறது. அப்போது வயோமிங் மாநிலம்கூட ஆகவில்லை. 1890-இல்தான் ஆனது.

முகத்தைக் கீறியதற்குக் குதிரையா? அந்த நியாயம் எங்கிருந்து வருகிறது?

விடுதிக்காரன் ஸ்கின்னி ஒரு ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுவான். டிலைலாவை பாஸ்டனிலிருந்து வரவழைக்கத் தான் முதல் போட்டதாகவும், முகம் கெட்டுப்போனதால் அந்த முதல் வீணாகிவிட்டதாகவும் அவன் வாதம். லிட்டில் பில் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். ஒரு பெண்ணின் உடம்புக்கு நேர்ந்த கொடுமை, கடைக்காரனின் சரக்குக்கு வந்த சேதமாக மாறிவிடுகிறது. மொத்தம் ஏழு குதிரைகள்: கீறியவன் ஐந்து, கூட இருந்த டேவி இரண்டு. பாதிக்கப்பட்டவளுக்கு ஒன்றுமில்லை.

பிறகு டேவி, கடனுக்கு மேல் இன்னொரு நல்ல குதிரையை டிலைலாவுக்கென்றே கொண்டுவருவான். பெண்கள் சேற்றை வாரி அவன்மேல் எறிவார்கள். அந்தக் காட்சியில் டிலைலாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பரிசுத்தொகை அறிவித்ததில் அவளுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்ற சந்தேகம் அங்கேதான் வரும்.

மன்னி முன்னாளில் என்னதான் செய்தான்? ஏன் காட்டவே இல்லை?

படத்தில் ஒரு ஃப்ளாஷ்பேக்கூடக் கிடையாது. திருந்திய ரவுடி கதையென்றால் இடைவேளைக்குப் பிறகு அரை மணி நேரம் பழைய கதை வரும் என்று பழகிய நமக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். மன்னியின் கடந்தகாலம் முழுக்க வாய்வார்த்தையாகவே வருகிறது. பொடியன் சொல்வது சாகசம். லிட்டில் பில் சொல்வது குற்றப்பட்டியல். மன்னி தானாகச் சொல்வது மிகக் குறைவு, அதுவும் காய்ச்சல் கண்ட இரவில் அல்லது நெருப்பருகே. சுட்டவனின் பல் தலைக்குப் பின்னால் தெறித்தது நினைவிருக்கிறது, எதற்குச் சுட்டோம் என்பது நினைவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கொன்றிருக்கிறான் என்பதை அவன் மறுப்பதே இல்லை. குடிபோதையில் செய்தேன், இப்போது அப்படி இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். எத்தனை முறை சொல்கிறான், யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று கவனித்தால், அவன் நம்பவைக்கப் பார்ப்பது எதிரில் இருப்பவரை அல்ல என்பது விளங்கும்.

சொல்லச் சொல்லக் கதை ஊதிப்போவதற்கு இன்னொரு சான்று டிலைலாவின் காயம். நாம் பார்த்தது முகத்துக் கீறல்கள். பொடியன் மன்னியிடம் சொல்லும்போது கண், காது என்று கூடிவிடுகிறது. மன்னி நெட்டிடம் சொல்லும்போது இன்னும் கூடுகிறது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கொலைக்குப் போகிறவனுக்கு அந்தக் காயம் பெரிதாக இருந்தாக வேண்டியிருக்கிறது.

ஊருக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்ற பலகை உண்மையில் இருந்ததா?

இருந்தது. கான்சாஸின் டாட்ஜ் சிட்டி, விச்சிட்டா, அபிலீன் போன்ற மாட்டுச்சந்தை ஊர்களில் நகர எல்லைக்குள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டிருந்தார்கள். மாடு ஓட்டி வருகிறவர்கள் கூலி வாங்கிய கையோடு குடிப்பார்கள் என்பதால் வணிகர்களே அதைக் கேட்டு வாங்கினார்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 அக்டோபர் 26-இல் நடந்த ஓ.கே. கொரால் மோதலுக்குக்கூட உடனடிக் காரணம், அந்த ஊரின் 9-ஆம் எண் ஆயுதத் தடை விதியை அமல்படுத்தப் போனதுதான். பழைய கௌபாய் படங்களில் எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி தொங்குவதைவிட இந்தப் படத்தின் பலகை வரலாற்றுக்கு நெருக்கமானது.

ஆனால் லிட்டில் பில் அந்த விதியை அமல்படுத்தும் விதம் வேறு. இங்கிலீஷ் பாப்பை நடுத்தெருவில் போட்டு உதைப்பது சட்டத்துக்காக அல்ல. வேறு எந்தக் கொலைகாரனும் பணத்துக்காக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

படத்தில் வரும் துப்பாக்கிகள் என்னென்ன? ஏன் அடிக்கடி குறி தவறுகிறது, வெடிக்காமல் போகிறது?

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள துப்பாக்கிகளைத் தெரிந்துகொள்வது நேர்வழி.

மன்னி பண்ணையில் பெட்டியைத் திறந்து எடுக்கும் ரிவால்வர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ஸ்டார் என்ற ரகம். இதற்கு ஆயத்தத் தோட்டா கிடையாது. மருந்து கெட்டிக்க வேண்டும். உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் அளவாக மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழலுக்கடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். வாய்ப்பக்கம் கொழுப்பைப் பூச வேண்டும். கடைசியாக ஒவ்வொரு அறையின் பின்பக்கக் காம்பிலும் ஒரு கேப், அதாவது அடித்தால் பொறி பறக்கும் சிறு மூடி, மாட்ட வேண்டும். எங்கே கோளாறு வரும்? மருந்தோ கேப்போ ஈரமானால் வெடிக்காது. குண்டு அறையை இறுக்கமாக அடைக்காவிட்டால் ஓர் அறையின் தீப்பொறி பக்கத்து அறைக்கும் தாவிச் சேர்ந்து வெடிக்கும். வெடித்த கேப்பின் துணுக்கு உள்ளே விழுந்தால் உருளை சுற்றாமல் நின்றுவிடும்.

பண்ணையில் தகர டப்பாவைக் குறிவைத்து மன்னி சுடுகிறான், ஒன்றும் படவில்லை. பேசாமல் உள்ளே போய் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துவந்து டப்பாவைப் பறக்கவிடுகிறான். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வரும் காட்சி. ஆனால் கடைசிக் காட்சிக்கு எந்தத் துப்பாக்கியோடு நுழைவான் என்பது அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

நெட்டிடம் இருப்பது ஸ்பென்சர் ரைபிள். ஏழு தோட்டாக்கள் பின்கட்டைக்குள் இருக்கும் குழாயில் வரிசையாக நிற்கும். கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் பழைய வெற்றுத்தோட்டா வெளியே வந்து புதியது ஏறும். ஆனால் துப்பாக்கியின் குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, தனியாக விரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும், ஒவ்வொரு வெடிக்கும். அவசரத்தில் இதை மறப்பவன் வெறும் விசையைத்தான் அழுத்திக்கொண்டிருப்பான்.

பொடியனின் பட்டப்பெயருக்குக் காரணம் அவன் வைத்திருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்கோஃபீல்ட் ரிவால்வர். 1875 முதல் அமெரிக்க ராணுவம் வாங்கியது. மேலே இருக்கும் தாழை விடுவித்தால் குழல் முன்பக்கம் மடங்கும், ஆறு வெற்றுத்தோட்டாக்களும் ஒரே தள்ளலில் வெளியே விழும். அந்தக் காலத்து கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். குதிரைமேல் இருப்பவனுக்கு இது பெரிய வசதி. ஆனால் கோல்ட்டின் .45 தோட்டா நீளமானது, ஸ்கோஃபீல்டில் ஏறாது. இரண்டு ரகத் தோட்டாவையும் கட்டி மேய்க்க முடியாமல் ராணுவம் தவித்தது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் வைத்திருப்பவனுக்கு ஐம்பது கெஜத்துக்கு அப்பால் கண் தெரியாது.

இங்கிலீஷ் பாப் சுட்டுக் கொன்ற கோர்கரனின் துப்பாக்கி கையிலேயே வெடித்தது என்கிறாரே லிட்டில் பில், அப்படி நடக்குமா?

நடக்கும். அது வாக்கர் கோல்ட் என்ற ரிவால்வர். 1847-இல் சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்டது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஓர் அறையில் 60 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 4 கிராம் மருந்து கொள்ளும். அந்தக் காலத்து இரும்பு உருளை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

காட்சியைச் சொல்லிவிடுகிறோம். போஷாம்ப் என்பவர் இங்கிலீஷ் பாப்பின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர். 1860-இல் பீடில் நிறுவனம் தொடங்கிவைத்த பத்து சென்ட் சாகசப் புத்தகங்களின் வம்சம். அதில் பாப் ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க கோர்கரனைச் சுட்டு வீழ்த்தியதாக இருக்கும். சிறையில் உட்கார்ந்து லிட்டில் பில் அதைப் படித்துவிட்டு, நேரில் பார்த்ததைச் சொல்கிறார். பாப் குடிபோதையில் முதலில் சுட்டான், தவறியது. பதறிய கோர்கரன் தன் கால்விரலையே சுட்டுக்கொண்டான். பாப் மறுபடி சுட்டான், மறுபடி தவறியது. கோர்கரன் நிதானமாகக் குறிவைத்தபோது வாக்கர் கோல்ட் கையிலேயே வெடித்தது. பிறகு பாப் நடந்துபோய், நிராயுதபாணியாக நின்றவனின் ஈரலில் சுட்டான். சாகசம் அவ்வளவுதான்.

அடுத்ததாக லிட்டில் பில் வேகம் பெரிதல்ல, பதறாமல் நிற்பதே பெரிது என்று பாடம் எடுக்கிறார். ரிவால்வரை போஷாம்பிடம் கொடுத்து, என்னைச் சுட்டுவிட்டு இருவரும் போகலாம் என்கிறார். போஷாம்ப் நடுங்குகிறார். கம்பிக்குள் இருக்கும் பாப்பிடம் நீட்டச் சொல்கிறார். தோட்டா இருக்காது என்று நினைத்து பாப் கை நீட்டவில்லை. லிட்டில் பில் அதைத் திரும்ப வாங்கித் தோட்டாக்களைக் கொட்டிக் காட்டுகிறார். எல்லாம் நிரம்பியே இருந்தன. ஹாக்மனுக்கு ஆஸ்கர் ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டலாம்.

இதற்குப் பிறகு முடிவு வெளிப்படும் என்கிறார்களே?

ஆமாம். பார்க்காதவர்கள் தயாரிப்பு பற்றிய கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

நெட் ஏன் சுட முடியாமல் போகிறார்?

டேவியின் குதிரையைச் சுட்டது நெட்தான். குதிரை விழுந்து டேவியின் கால் அதன் அடியில் மாட்டிக்கொள்கிறது. ஊர்ந்து ஒளியப் போகிறவனை நெட்டால் சுட முடியவில்லை. துப்பாக்கியை மன்னி வாங்குகிறான், முதலில் தவறுகிறது, பிறகு வயிற்றில் படுகிறது. வயிற்றில் பட்டவன் உடனே சாக மாட்டான். தண்ணீர் கேட்கிறான். அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள், நாங்கள் சுட மாட்டோம் என்று மன்னியே எதிர்த்தரப்பைப் பார்த்துக் கத்துகிறான். பழைய படங்களில் ஒரு வெடிக்கு ஒரு ஆள் விழுவான். இங்கே ஓர் ஆள் விழ எவ்வளவு நேரமாகிறது என்று நிமிடக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிய பொடியன், கழிப்பறையில் உட்கார்ந்திருந்த குவிக் மைக்கைச் சுடுகிறான். அதுதான் அவன் செய்த முதல் கொலை. பிறகு மரத்தடியில் குடித்துக்கொண்டே அழுகிறான். செத்தவன் தான் செய்ததற்குத்தானே செத்தான் என்று அவன் தேறப் பார்க்க, எல்லாருக்கும் அது வரவேண்டியதுதான் என்கிறான் மன்னி.

மன்னி எந்த நொடியில் மாறுகிறான்?

பணம் கொண்டுவரும் பெண், லிட்டில் பில்லின் சவுக்கடியில் நெட் செத்துப்போனதைச் சொல்லும்போது. அவள் பேசிக்கொண்டிருக்க, மன்னி பொடியனின் விஸ்கி புட்டியை வாங்கிக் குடிக்கத் தொடங்குகிறான். கேமரா அதைப் பெரிதுபடுத்துவதில்லை, இசையும் எழும்புவதில்லை. மழையில் நனைந்து காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தபோதுகூட மறுத்த குடி அது. புட்டியைத் தவறவிட்டவர்கள், பின்னால் வருவது வெறும் பழிவாங்கல் என்று நினைத்துவிடுவார்கள்.

கடைசித் துப்பாக்கிச் சண்டையில் வரிசையாக என்ன நடக்கிறது?

இரட்டைக்குழலோடு நுழைகிறான். கடை முதலாளி யார் என்று கேட்டு ஸ்கின்னியைச் சுடுகிறான். ஒரு குழல் காலி. அடுத்த குழல் லிட்டில் பில்லுக்கு. அது வெடிக்கவில்லை, வெளியே இரவெல்லாம் கொட்டிய மழை. மன்னி துப்பாக்கியையே அவர்மேல் வீசிவிட்டு, பொடியன் விட்டுச்சென்ற ஸ்கோஃபீல்டை உருவுகிறான். உதவியாளர்கள் பதறிக் கண்டபடி சுடுகிறார்கள். மன்னி நின்று, ஒவ்வொருவராகச் சுடுகிறான். பதறாதவனே பிழைப்பான் என்ற லிட்டில் பில்லின் பாடம் அவருக்கே திரும்புகிறது. தரையில் கிடக்கும் அவரைக் கடைசியாக நெட்டின் ஸ்பென்சரால் முடிக்கிறான். வீடு கட்டிக்கொண்டிருந்தேன், இப்படிச் சாக நான் என்ன செய்தேன் என்ற அவரது முறையீட்டுக்கு, தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது பதில்.

யாரை முதலில் சுட்டீர்கள், எந்த வரிசையில் என்று போஷாம்ப் அந்த நேரத்திலும் குறிப்பெடுக்கப் பார்க்கிறார். வரிசை அமைந்தது அதிர்ஷ்டம், ஆட்களைக் கொல்வதில் எனக்கு எப்போதுமே அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுகிறான் மன்னி.

அப்படியானால் சாகசத்தைக் கிண்டல் செய்த படம் கடைசியில் தானே சாகசமாகிவிடுகிறதே?

நியாயமான குற்றச்சாட்டு. ஒரு ஆள் ஐந்து பேரைச் சாய்க்கும்போது அரங்கம் கைதட்டத்தான் செய்யும். ஈஸ்ட்வுட்டின் முகத்துக்கு முப்பது வருஷமாகச் சேர்ந்த கணக்கு அது. எங்கள் கருத்தில், படம் இதைத் தெரிந்தே செய்கிறது, ஆனால் முழுக்கத் தப்பிக்கவில்லை. கைதட்டியவரைக் கூச்சப்படவைக்கும் அளவுக்கு அந்தக் காட்சி அசிங்கமாக இல்லை. டேவியின் சாவில் இருந்த நேரமும் வலியும் இந்த ஐந்து பேருக்குக் கொடுக்கப்படவில்லை.

தயாரிப்பு விவரங்கள்?

திரைக்கதை டேவிட் வெப் பீப்பிள்ஸ், 'பிளேடு ரன்னர்' எழுதியவர்களில் ஒருவர். எழுபதுகளிலேயே எழுதிவிட்டார். ஒரு கட்டத்தில் 'காட்ஃபாதர்' இயக்குநர் கொப்போலா கையில் உரிமை இருந்தது. எண்பதுகளில் வாங்கிய ஈஸ்ட்வுட், மன்னியின் வயது தனக்கு வரட்டும் என்று உறையில் வைத்துக் காத்திருந்தார். படப்பிடிப்பின்போது அவருக்கு 61. 1991-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில், லாங்வியூ ஊர்ப் பக்கம் கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் முழு ஊரையே கட்டினார். ரயில் காட்சி மட்டும் கலிபோர்னியாவின் சொனோரா பக்கம். ஒளிப்பதிவு ஜாக் கிரீன், இசை லென்னி நீஹாஸ். கிதாரில் வரும் கிளாடியாவின் மெட்டு ஈஸ்ட்வுட் போட்டது. ஹாக்மன் முதலில் வன்முறைப் படம் வேண்டாம் என்று மறுத்து, பிறகு சம்மதித்தார்.

ஒன்பது பரிந்துரைகள், நான்கு ஆஸ்கர்: படம், இயக்கம், துணை நடிகர் (ஹாக்மன்), படத்தொகுப்பு (ஜோயல் காக்ஸ்). 1931-இன் 'சிமரான்', 1990-இன் 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' இரண்டுக்கும் அடுத்து சிறந்த படம் விருதைப் பெற்ற மூன்றாவது வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம். முடிவில் வரும் 'செர்ஜியோவுக்கும் டானுக்கும்' என்பது ஈஸ்ட்வுட்டை முன்பு இயக்கிய செர்ஜியோ லியோனேயையும் டான் சீகலையும் குறிக்கிறது. இருவரும் அதற்குச் சற்று முன்பு, 1989-இலும் 1991-இலும் இறந்தார்கள்.

இதற்கு முன்னால் வேறு படம் பார்த்துவிட்டு வர வேண்டுமா?

ஒன்றே ஒன்று பார்க்கலாம்: லியோனேயின் 1966 படம் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. அதில் ஈஸ்ட்வுட் எவ்வளவு அலட்சியமாகக் குதிரையேறுகிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இங்கே குதிரை அவரை ஏறவிடாமல் சுற்றிச்சுற்றி வருவது இரட்டிப்பாக உறைக்கும். நேரமில்லையென்றால் நேரடியாகவே பார்க்கலாம், கதை புரிவதில் குறை இருக்காது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே கத்திக்குத்து. மொழியும் முரட்டுத்தனம்தான்.

ஜப்பான் மறு ஆக்கம் எப்படி?

2013-இல் லீ சாங்-இல் இயக்க, கென் வதனபே நடித்தார். களம் சாமுராய் ஆட்சி முடிந்த மெய்ஜி காலத்து ஹொக்கைடோ, ஜப்பானின் வடக்குத் தீவு. மன்னியின் இடத்தில் பழைய ஆட்சியின் வாள்வீரன். அங்கே ஐனு பழங்குடியினரின் நிலை கதைக்குள் வலுவாக வருகிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ'வைத் தழுவி 1964-இல் லியோனே எடுத்த படத்தில்தான் ஈஸ்ட்வுட் வெஸ்டர்ன் நாயகனாக உலகுக்குத் தெரிந்தார் என்பதால், இது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த கணக்கு. மூலத்தைப் பார்த்து ஒரு வாரமாவது கழித்துப் பாருங்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் காட்சிக்குக் காட்சி ஒப்பிடுவதிலேயே கவனம் போய்விடும்.